கூத்துக் களத்திலிருந்து கணினிக்கு

திருவிழாக் காலங்களில் மைக் செட் வைப்பவரின் அருகே நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாகக் குமிழ்களும், மேலும் கீழும் நகரும் சிறு பிடிகளும், பச்சையும் சிவப்புமாக மினுக்கும் விளக்குகளும் கொண்ட ஒரு பெட்டி அவர் முன்னால் இருக்கும். நூல் வழக்கில் அதனை ஒலிக்கலவைக் கருவி எனலாம். அவரைக் கேட்டால் 'மிக்ஸர்' என்பார். நானும் அவ்வாறே சொல்கிறேன். களத்திலுள்ள மைக்குகளின் ஒலியெல்லாம் அதில் வந்து கூடி, அங்கிருந்து ஒலிபெருக்கிகளுக்குச் செல்கின்றது. அப்படிச் செல்லும் ஒலியைக் காற்றோடு போகவிடாமல், கம்பி வழியே கணினிக்குள் இறக்கிப் பதிவு செய்துகொள்வது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளத்தக்க வேலை இது என்று நான் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கின்றது.

நான் ஆம்பூரில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அதற்கு அண்மையிலும் அமைந்த ஊர்களைத் தோல் ஊர்கள் என்று எல்லோரும் அறிவர். 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின்னும் இவ்வூர்களின் தொழில் பிரியவில்லை. பச்சைத்தோல் வந்து இறங்குவதும், பெரிய மர உருளைகளில் அது சுழன்று பதமாவதும், காலணியாகத் தைக்கப்பட்டுக் கடல் கடந்து போவதும் இங்கே அன்றாட நிகழ்ச்சிகள். ஆனால் இவ்வூர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதியம்மன் கோவில்கள் பல உண்டு என்பதும், அங்கே பாரதத் திருவிழா நடக்கும் நாட்களில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் தெருக்கூத்தும் நிகழும் என்பதும் வெளியூரார் பலருக்குத் தெரியாது. பகலில் தோல் ஷாப்பில் உருளையின் அருகே நிற்பவர், இரவில் கிரீடமும் புஜக்கட்டையும் தரித்துத் துரியோதனனாக வருவார். மறுநாட் காலை அரிதாரத்தை முற்றும் துடைக்காமலே வேலைக்குப் போவாரும் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசி மாதத்து இரவில், 'கர்ண மோட்சம்' கூத்து நடந்தது. கர்ணனாக வந்தவர் எழுபது வயதைக் கடந்த கூத்து வாத்தியார். மைக் இல்லாத காலத்தில் நான்கு புறமும் அமர்ந்திருந்த கூட்டத்துக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரல் அது. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில் அவர் உச்ச ஸ்தாயிக்கு ஏறினால், தூங்கும் குழந்தைகளும் எழுந்து உட்காரும் என்று ஊரார் சொல்வார்கள். அதைப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை. மைக் செட்காரரிடமும் வாத்தியாரிடமும் அனுமதி பெற்றுக்கொண்டு, என் மடிக்கணினியுடன் மிக்ஸர் அருகே போய் உட்கார்ந்தேன். மிக்ஸரின் பின்புறத்தில் பதிவுக்கென்றே ஒரு வெளிவாய் இருந்தது. மடிக்கணினியின் பக்கத்தில் மைக் படம் பொறித்த ஒரு துளை இருந்தது. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தேன். திரையில் அலைகள் எழுந்தன. அவை மிகப் பெரியனவாக இருக்கவே, கணினியிலுள்ள ஒலியளவைக் குறைத்தேன். அலைகள் பாதியாகச் சுருங்கின. நானும் மகிழ்ந்து, விடியும் வரை கூத்துப் பார்த்தேன்.

மறுவாரம் வாத்தியாரை அழைத்துப் பதிவைக் கேட்கச் செய்தேன். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "மேலே போறப்பல்லாம் என் குரல் கிழியுதே, சார். நான் அப்படிப் பாடலியே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அவர் குரல் கிழியவில்லை, நான் கிழித்துவிட்டேன். எவ்விதம் என்பதை விளக்குகிறேன்.

மைக் என்பது காற்றின் அதிர்வை மின்சாரத்தின் அதிர்வாக மாற்றும் கருவி. அதிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. வாய்க்கருகே பிடித்துப் பேசினாலும் சாதாரண மைக்கிலிருந்து ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டு கிடைத்தால் அதிகம். மிக்ஸரின் முதல் வேலை அதைப் பன்மடங்கு பெருக்குவது. ஒவ்வொரு வரிசையின் தலையிலும் உள்ள 'கெயின்' என்னும் குமிழ் அதற்காகவே இருக்கின்றது. பெருக்கப்பட்டு மிக்ஸரைவிட்டு வெளியே வரும்போது அந்த அழுத்தம் தொழில்முறைக் கருவிகளில் சராசரியாக 1.23 வோல்ட்டும், வீட்டுக் கருவிகளுக்கான வெளிவாயில் ஏறக்குறைய 0.3 வோல்ட்டுமாக நிற்கும்படி அமைத்திருக்கின்றார்கள். மடிக்கணினியின் மைக் துளையோ, சில மில்லிவோல்ட்டிலிருந்து சில பத்து மில்லிவோல்ட்டு வரை வரும் என்று எதிர்பார்த்திருப்பது. நாழி அரிசி கொள்ளும் பாத்திரத்தில் நான் மூட்டையைக் கவிழ்த்துவிட்டேன்.

கவிழ்த்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில் அரிசி அளப்பதில் இருவகை உண்டு. குவித்து அளப்பது ஒன்று. தலை தட்டி அளப்பது மற்றொன்று. மின்கருவிகள் யாவும் தலை தட்டி அளப்பவை. தம் கொள்ளளவுக்கு மேல் எழும் அலையின் முகட்டை ஈவிரக்கமின்றித் தட்டிவிடும். மலைபோல் எழவேண்டிய அலை, மேசைபோல் தட்டையாகிவிடும். அவ்வாறு தட்டையான அலையில், பாடியவர் பாடாத புதிய அதிர்வெண்கள் பல வந்து கலக்கின்றன. அவைதாம் காதுக்குக் கிழிந்த துணிபோல் ஒலிப்பவை. மெல்லப் பாடுகையில் அலை சிறியது, தப்பிவிடும். உச்சத்துக்குப் போகையில் பெரியது, அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே கூத்தின் சிறந்த இடங்களே தேர்ந்தெடுத்தாற்போல் கெட்டுவிடுகின்றன.

நான் கணினியில் ஒலியளவைக் குறைத்தேன் என்றேனல்லவா? அதனால் பயன் விளையாததற்குக் காரணம் உண்டு. முகடு வெட்டுப்பட்ட இடம் கணினியின் நுழைவாயில். நான் குறைத்ததோ அதற்குப் பின்னால். வெட்டுப்பட்ட அலையைச் சுருக்கினால் அது சுருங்கிய வெட்டுப்பட்ட அலையாகவே இருக்கும். திரையில் பாதி உயரத்தில் தட்டையாக நின்ற அலைகளைக் கண்டும் அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. தோல் வியாபாரி தோலை வாங்குமுன் உட்புறத்தைப் புரட்டிப் பார்ப்பார். உரிக்கும்போது கத்தி பட்டிருந்தால், பின்னர் எந்த ஷாப்பில் எவ்வளவு நன்றாகப் பதனிட்டாலும் அந்தத் தழும்பு போகாது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஊரிலே வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் கணினிக்குள் ஒலி எவ்வாறு எண்ணாகின்றது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும். எடிசன் 1877-ல் ஒலியைத் தகரத்தாளில் கீறிப் பிடித்தார். போல்சன் என்னும் டென்மார்க்கு நாட்டார் 1898-ல் இரும்புக் கம்பியில் காந்தமாகப் பிடித்தார். சென்னை வானொலி நிலையம் 1938-ல் தொடங்கிய பின் பல பத்தாண்டுகள் இசைத்தட்டும் ஒலிநாடாவுமே பதிவுக்குத் துணை. அவை அனைத்திலும் அலை அலையாகவே பதிந்தது. அலையை அளந்து எண்களாக எழுதி வைக்கலாம் என்ற கருத்தை 1937-ல் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் கண்டார். எத்தனை முறை அளந்தால் போதும் என்பதற்கான கணிதம் 1928-ல் நைக்விஸ்டும் 1949-ல் ஷானனும் எழுதிய கட்டுரைகளில் இருக்கின்றது. பிடிக்கவேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளக்கவேண்டும் என்பது அதன் சாரம். மனிதச் செவி கேட்கும் எல்லை நொடிக்கு இருபதினாயிரம் அதிர்வு. ஆதலால் 1982-ல் வெளிவந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை அளந்தார்கள். ஒளிபரப்பிலும் திரைப்படத்திலும் 48,000 முறை அளப்பது வழக்கம். நமக்கும் அதுவே போதும். அதனினும் பெரிய எண்களை விளம்பரத்தில் கண்டு மயங்கவேண்டியதில்லை.

அளவை எவ்வளவு நுட்பமாக எழுதுகிறோம் என்பது வேறு கேள்வி. குறுந்தகட்டில் ஒவ்வோர் அளவும் 16 இரட்டை இலக்கங்களால் எழுதப்படுகின்றது. அதனால் 65,536 நிலைகளைக் காட்டலாம். 24 இலக்கமானால் 1,67,77,216 நிலைகள். ஓர் இலக்கம் கூடுந்தோறும் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையிலுள்ள அகலம் ஏறத்தாழ 6 டெசிபல் விரிகின்றது. மின்னழுத்தம் இருமடங்கானால் 6 டெசிபல், பத்து மடங்கானால் 20 டெசிபல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 16 இலக்கத்தில் 96 டெசிபல், 24 இலக்கத்தில் கணக்குப்படி 144 டெசிபல். நடைமுறையில் மின்கருவிகளின் சொந்த இரைச்சல் இதனைக் குறைத்துவிடும். ஆயினும் மிச்சமிருப்பதே நமக்குப் பெரிய செல்வம். ஏனெனில், பதிவு மெல்லியதாக இருந்தால் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். தலை தட்டப்பட்டதையோ மீட்க இயலாது. எனவே 24 இலக்கத்தில் பதிந்து, மேலே தாராளமாக இடம் விட்டுவைப்பதே அறிவுடைமை.

எவ்வளவு இடம்? கணினியின் அளவுகோலில் உச்சி பூச்சியம். அதற்கு மேல் எண்ணே கிடையாது. சராசரி ஒலி பூச்சியத்துக்கு 18 டெசிபல் கீழே நின்று, உரத்த இடங்கள் 10 அல்லது 8 டெசிபல் கீழே வரை வருமாறு கெயினை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூத்துக்காரரிடம் ஓர் இயல்பு உண்டு. வேடம் கட்டுமுன் மைக் சோதனைக்காக ஒரு வரி பாடச் சொன்னால் அரைக் குரலில் பாடுவார்கள். கிரீடம் தலையில் ஏறி, திரை விலகி, மிருதங்கம் முழங்கத் தொடங்கியதும் அவர்கள் வேறு மனிதர்கள். சோதனையில் கண்டதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உரப்பார்கள். ஆகவே சோதனையின்போது இன்னும் 6 டெசிபல் குறைத்து வைப்பது என் பழக்கம். இப்பொழுது 32 இலக்க மிதவைப் பதிவு என்று ஒன்று வந்திருக்கின்றது. அதற்கெனவே அமைந்த கருவிகளில் உச்சியைத் தாண்டிய ஒலியையும் பின்னர் இறக்கிக்கொள்ளலாம். நல்லதே. ஆனால் அதற்கு முன்னால், மிக்ஸருக்குள்ளேயே அலை வெட்டுப்பட்டிருந்தால் எந்த மிதவையும் அதைக் காப்பாற்றாது. மிக்ஸரின் வரிசைத் தலைப்பில் சிவப்பு விளக்கு மினுக்கினால் கெயினைக் குறைக்கவேண்டும். கீழேயுள்ள ஃபேடர் என்னும் பிடியை இறக்குவதனால், நான் கணினியில் செய்த அதே பிழையை மிக்ஸரில் செய்கிறோம்.

இனி, மிக்ஸரின் எந்த இடத்திலிருந்து ஒலியை எடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். இதுவே நம் பொருளின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். என் முதற்பதிவில் குரல் கிழிந்தது மட்டுமன்று. முகவீணை அறவே கேட்கவில்லை. களத்தில் காது துளைக்கும்படி ஒலித்த கருவி, பதிவில் எங்கோ அடுத்த கிராமத்தில் ஊதுவதுபோல் இருந்தது. காரணம் எளிது. முகவீணைக்கு மைக் தேவையில்லை. அது தானே ஊர் முழுதும் கேட்கும். மைக் செட்காரர் அதற்கு மைக் வைக்கவில்லை, வைக்காதது சரியே. அவருடைய கடமை களத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் சமமாகக் கேட்கச் செய்வது. நேரே கேட்பதை அவர் ஒலிபெருக்கியில் குறைப்பார்; கேளாததைக் கூட்டுவார். ஆகவே மிக்ஸரின் முதன்மை வெளிவாயில் இருப்பது கூத்தின் ஒலியன்று. கூத்தில் எது குறைவோ அதன் ஒலி. அதை மட்டும் பதிந்தால், காய்கறியை விட்டுவிட்டு உப்பையும் புளியையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்த கதையாகும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. சிறிய மிக்ஸரானால், துணை வெளிவாய் ஒன்றைப் பதிவுக்கென்று ஒதுக்கித் தருமாறு கேட்கலாம். 'ஆக்ஸ்' என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு மைக்கிலிருந்தும் எவ்வளவு ஒலி அதற்குப் போகவேண்டும் என்பதைத் தனியே ஒரு குமிழ் தீர்மானிக்கும். அதனை ஃபேடருக்கு முன்னதாக எடுக்குமாறு அமைத்துக்கொண்டால், மைக் செட்காரர் இரவெல்லாம் ஃபேடர்களை எப்படி நகர்த்தினாலும் நம் பதிவு அசையாது. முகவீணைக்கும் ஒரு மைக்கை வைத்து, அதனை ஒலிபெருக்கிக்கு அனுப்பாமல் பதிவுக்கு மட்டும் அனுப்பலாம்.

மற்றொரு வழி ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடமாகப் பதிவது. இன்றைய எண்முறை மிக்ஸர்களில் பல, ஒரே யு.எஸ்.பி. கம்பியில் பதினாறு, முப்பத்திரண்டு தடங்களைத் தனித்தனியே கணினிக்கு அனுப்பவல்லவை. யு.எஸ்.பி. இருந்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக்கூடாது. விலை குறைந்த மிக்ஸர்கள் பலவற்றில் அது கலந்து முடிந்த இரண்டு தடங்களையே அனுப்பும். முன்னரே கேட்டறிய வேண்டும். யு.எஸ்.பி. இல்லாத பழைய மிக்ஸரில், ஒவ்வொரு வரிசைக்கும் நேர் வெளிவாய் இருந்தால் அதிலிருந்து ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் பெட்டிக்குக் கம்பி போடலாம். ஒலியை எண்ணாக மாற்றும் வேலையை மடிக்கணினியின் சிறு துளைக்குப் பதிலாக அப்பெட்டி செய்யும், 1.23 வோல்ட்டும் அதற்கு மேலும் வந்தாலும் அது அஞ்சாது. வானொலி போன்ற பெரிய நிறுவனத்தார் இன்னும் ஒருபடி மேலே போவார்கள். ஒவ்வொரு மைக்கின் கம்பியையும் மிக்ஸருக்கு முன்னரே இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் களத்துக்கும் மற்றொன்றைத் தங்கள் வண்டிக்கும் கொண்டுபோவார்கள். அப்பொழுது ஒருவர் கை மற்றவர் வேலையில் படாது.

கூட்டத்தின் ஒலிக்கென்று இரண்டு மைக்குகளைக் களத்தின் ஓரத்தில் வைக்க மறவாதீர்கள். கட்டியக்காரன் சொல்லும் வேடிக்கைக்குச் சிரிப்பு எழாத பதிவு, பிணம்போல் இருக்கும். ஆனால் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். பதினேழு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கில் அது நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதித்து வந்து சேரும். அப்படியே கலந்தால் தாளம் இரட்டித்துக் கேட்கும். அத்தடத்தை அந்த அளவு முன்னால் நகர்த்திவிட்டால் சரியாகும். வகுப்பில் நான் ஒலியின் வேகத்தைக் கற்பிக்கும்போது இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். புத்தகத்திலுள்ள எண் காதுக்குக் கேட்கும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அடுத்தது 'உம்' என்னும் இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முழு அலைவு கொண்டது. மிக்ஸர் ஒரு மின்வாயிலிலும் கணினியின் சார்ஜர் வேறொரு மின்வாயிலிலும் செருகப்பட்டு, இரண்டும் ஒலிக்கம்பியாலும் இணைக்கப்பட்டால், நிலத்தொடர்பு ஒரு வளையமாகி, அந்த 50-ம் அதன் மடங்குகளும் பதிவில் ஏறிவிடும். கணினியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி மின்கலத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். இரவு முழுவதும் மின்கலம் தாங்காதென்றால், மிக்ஸருக்கும் கணினிக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கவேண்டும். அல்லது ஒலிக்கம்பியின் நடுவே தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைக்கவேண்டும். மூன்று ஊசி கொண்ட கேனன் கம்பிகள் நெடுந்தூரத்துக்கு ஏற்றவை. அதில் இரண்டு கம்பிகள் ஒரே ஒலியை எதிரெதிர் முகமாகச் சுமக்கின்றன. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே முகமாக ஏறும். முடிவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க, இரைச்சல் அழிந்து ஒலி இருமடங்காகும். இரைச்சலைப் போக்கச் சிலர் பிளக்கின் நில ஊசியை வெட்டிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அதனை ஒருபோதும் செய்யாதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று மைக்கைப் பிடிப்பவரின் உயிர் அந்த ஊசியில் இருக்கின்றது.

கணினியைப் பற்றியும் சில சொற்கள். ஒலி எண்கள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். கணினியோ ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பது. ஆதலால் வரும் எண்களை ஒரு சிறு தொட்டியில் தேக்கி, கணினி வந்து அள்ளிக்கொள்ளும்படி அமைத்திருக்கின்றார்கள். தொட்டி சிறியதானால் கணினி வருமுன் வழிந்து, பதிவில் 'டிக்' என்ற ஓசையும் இடைவெளியும் விழும். 128 எண் கொள்ளும் தொட்டி, நொடிக்கு 48,000 என்ற கணக்கில், மூன்று மில்லிநொடிக்குள் நிறைந்துவிடும். 1,024 கொள்வது 21 மில்லிநொடி தாங்கும். பாடுபவர் தம் குரலைக் கணினி வழியே உடனுக்குடன் கேட்கவேண்டிய இடத்தில்தான் சிறிய தொட்டி வேண்டும். நமக்கு அத்தேவை இல்லை; பெரிய தொட்டியே வைத்துக்கொள்ளலாம். இணையத் தொடர்பை அணைத்து, கணினி தானே உறங்கிப்போவதையும் தடுத்து வையுங்கள்.

இடக் கணக்கும் தெரிந்திருக்கவேண்டும். 24 இலக்கம், 48,000 அளவு, இரண்டு தடம் என்றால் மணிக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகம். பதினாறு தடமானால் மணிக்கு எட்டே கால் ஜிகாபைட்டு. எட்டு மணி நேரக் கூத்துக்கு ஏறக்குறைய 66. இன்றைய கணினிக்கு இது பெரிதன்று. ஆயினும் ஒரு கண்ணி இருக்கின்றது. 'வேவ்' என்னும் வழக்கமான கோப்பு முறையில், கோப்பின் நீளத்தைக் குறிக்கும் இடம் 32 இலக்கமே கொண்டது. ஆதலால் ஒரு கோப்பு நான்கு ஜிகாபைட்டைத் தாண்ட இயலாது. மேற்சொன்ன இரண்டு தடப் பதிவு நான்கு மணி எட்டு நிமிட அளவில் அவ்வெல்லையை முட்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால், கூத்து உச்சநிலை அடையும் இரண்டு மணிக்கு! சில மென்பொருள்கள் தாமே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும், சில நின்றுவிடும். உங்களுடையது எத்தகையது என்பதை வீட்டில் ஓர் இரவு வெறுமனே ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். நான் அவ்வாறு பார்த்ததனால்தான் இரண்டாம் முறை தப்பினேன்.

அந்த இரண்டாம் முறை, மூன்று ஆண்டுகள் கழித்து அதே கிராமத்தில் மறுபடியும் பாரதம் வைத்தபோது வாய்த்தது. நண்பர் ஒருவரிடம் எட்டு உள்வாய்கள் கொண்ட இன்டர்ஃபேஸை இரவல் வாங்கினேன். பொழுது சாயுமுன்பே போய், தோல் ஷாப் விட்டு வந்த இளைஞர் இருவர் துணையுடன் கம்பிகளைப் போட்டேன். களத்துக்கு மேலே கட்டிய கயிற்றில் மூன்று மைக்குகள் தொங்கின. மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் ஒவ்வொன்று, பெஞ்சின் அருகே நிற்கும் பின்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று, முகவீணைக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று. எட்டுத் தடங்களும் விடியும் வரை ஒரு சிவப்பும் காட்டாமல் ஓடின. நடுவே ஒரு முறை மின்சாரம் நின்றது. விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் அணைந்தன. ஜெனரேட்டர் உயிர்பெறும் வரை நடிகர்கள் இருட்டிலேயே பாடிக்கொண்டு நின்றார்கள். கணினி தன் மின்கலத்தில் விழித்திருந்தது. ஆனால் இன்டர்ஃபேஸ் அணைந்துவிட்டதால் அந்த நான்கு நிமிடப் பாட்டு மட்டும் என்னிடம் இல்லை. அதற்கும் ஒரு சிறு மின்கலப் பெட்டி வைத்திருக்கவேண்டும் என்று இப்பொழுது தெரியும்.

அவ்வாண்டு கர்ணன் வேடம் கட்டியவர் வாத்தியாருடைய மாணவர். வாத்தியாருக்கு மூச்சு முன்போல் நிற்கவில்லை. களத்தில் இறங்குவதை விட்டுவிட்டார். முதற்பதிவைச் செப்பனிட மென்பொருள்கள் சிலவற்றை முயன்று பார்த்தேன். வெட்டுப்பட்ட முகடு எப்படி இருந்திருக்கும் என்று அவை ஊகித்து வரைந்து தருகின்றன. கரகரப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் வரைந்தது மென்பொருள், பாடியது வாத்தியார். அவரிடம் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி விடுமுறையில் எட்டுத் தடங்களையும் ஒவ்வொன்றாகத் தனியே ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்பாட்டுத் தடத்தைக் கேட்கும்போது கை நின்றது. பெஞ்சின் கோடியில் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம். களத்தில் மாணவர் பாடுகிறார். அவர் ஒவ்வோர் அடியைத் தொடங்குவதற்கும் சற்று முன்னால், அந்த அடியை வாத்தியார் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே போகிறார். ஒலிபெருக்கியில் அது யாருக்கும் கேட்டிருக்காது. கலந்து முடிந்த இரண்டு தடப் பதிவாக இருந்திருந்தால் எனக்கும் கேட்டிருக்காது. அத்தடத்தை மட்டும் 20 டெசிபல் உயர்த்தினேன். உச்சிக்கு ஏறவேண்டிய இடத்தில் அவர் ஏறவில்லை. கீழ் ஸ்தாயியிலேயே அந்தச் சங்கதியை முழுதாகப் பிடித்து இறங்குகிறார். கிழிசல் எங்கும் இல்லை.

பாட்டு முழுவதும் நாற்பத்தொரு நிமிடம். ஒரு பென் டிரைவில் இட்டு அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.